மணியன் முனியன் ஆவது எப்படி?

சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் ஒன்றுகூடல் படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சாப்பாட்டுக்கடை, நீள மேசை, வாழையிலை, மீன் தலைக்கறி. முன்வரிசை நாற்காலிகளில் எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள், பின்னால் நிற்பவர்களில் இருவர் கண்ணை மூடியிருப்பார்கள். படத்தின் கீழே "மறக்க முடியாத நாட்கள்" என்று ஒரு வரி. அந்த நாட்களில் மறக்க முடியாதது என்ன என்று எந்தப் படத்தின் கீழும் எழுதியிருப்பதில்லை. இதுதான் வெகுநாளாக உறுத்துகிறது. கேன்டீன் தேத்தண்ணி, மேலதிகாரியின் பட்டப்பெயர், இரவு ஷிப்டில் தூங்கி மாட்டிக்கொண்டவர், இதெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. செய்த வேலை மட்டும் பேச்சில் வருவதே இல்லை. முப்பது ஆண்டு அந்தக் கைகள் என்ன செய்தன என்பது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாது. "அப்பா டெலிகாம்ஸ்ல இருந்தாரு", அவ்வளவுதான்.

குற்றம் பெரியவர்கள் மேல் இல்லை. கேள்வி தப்பாக இருக்கிறது. "அந்தக் காலத்துல வேலையெல்லாம் எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு தம்பி, இப்ப மாதிரி இல்ல" என்றுதான் பதில் வரும். அதற்கு மேல் அந்தக் கேள்விக்குள் எதுவும் இல்லை. அதே ஆளிடம், "ஈ (E) எழுத்தெல்லாம் ஜெட்டா (Z) அடிச்சா எங்கண்ணே கோளாறு?" என்று கேட்டுப் பாருங்கள். இலையில் கிடக்கும் அப்பளம் நமத்துப் போகும், பேச்சு நிற்காது. வேலை ஒழுங்காக நடந்த நாட்கள் நினைவில் தங்குவதில்லை. கெட்டுப்போன நாட்கள்தான் கைவிரல் வரை பதிந்திருக்கின்றன.

ஒரு துண்டு டேப்

இந்தக் கூட்டங்களை மாற்றக்கூடிய ஒரே பொருளைச் சொல்லச் சொன்னால், ஒரு முழம் துளை நாடாவைச் சொல்வேன், செய்தியின் எழுத்துகளைத் துளைகளாகக் குத்திய காகித நாடா. தந்தி அறைகளிலும், தட்டச்சுச் செய்தியைக் கம்பி வழியே அனுப்பிய டெலக்ஸ் அறைகளிலும் அதை யாரும் துளை நாடா என்று அழைத்ததில்லை, டேப்தான். அகலம் 17.4 மில்லிமீட்டர். ஒரு வரிசைக்கு அதிகபட்சம் ஐந்து துளைகள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே, டேப்பை இழுத்துச் செல்லும் பல்சக்கரத்துக்கான சிறு துளை விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என்று பிரிந்திருக்கும். அந்தச் சிறுதுளைக் கோட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து நகர்த்திக்கொண்டே, அச்சடித்த தாளைப் படிப்பது போல டேப்பைப் படித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மேசையில் ஒரு துண்டு டேப்பை வைத்துவிட்டு யார் கை முதலில் நீள்கிறது என்று பாருங்கள். எடுத்தவுடனே இரண்டு துளைப் பக்கம் மேலே வரும்படி திருப்புகிறார் என்றால், அவர் டேப் அறைக்காரர்.

கணக்கு எளிது. ஒவ்வோர் இடத்திலும் துளை உண்டு அல்லது இல்லை. ஐந்து இடத்துக்கு 32 சேர்க்கை. அதில் 26 எழுத்துகளுக்குப் போய்விடும். மிச்சம் ஆறு: இடைவெளி, வரி ஆரம்பத்துக்குத் திரும்புவது, அடுத்த வரிக்கு இறங்குவது, வெறும் வரிசை, எழுத்து ஷிப்ட், எண் ஷிப்ட். எண்களுக்குத் தனி இடமே இல்லை. எண் ஷிப்ட் அடித்துவிட்டால் தட்டச்சுப் பலகையின் மேல்வரிசை எழுத்துகளே 1 முதல் 0 வரை எண்களாகிவிடும். இந்தச் சிக்கனத்தில்தான் பாதிச் சிக்கல் பிறந்தது. வழியில் அந்த ஒரு எண் ஷிப்ட் மட்டும் சிதைந்தால், ஊருக்கு அனுப்பிய "500" அந்தப் பக்கம் "டி பி பி" என்று விழும். 21ஆம் தேதி வருகிறேன் என்றால் "டபிள்யூ க்யூ" வருகிறேன். பணமும் தேதியும் உள்ள தந்திகளில் எண்களை முடிவில் ஒருமுறை தனியாகத் திருப்பி அடித்தது இதற்காகத்தான். வாங்கியவர்களில் பலர் அந்தக் கடைசி வரியை ஏதோ இரகசியக் குறி என்று நினைத்திருக்கலாம்.

இனி தலைப்பில் உள்ள ஆளுக்கு வருகிறேன். ஆங்கில எழுத்தில் MANIYAN, MUNIYAN: இரண்டாம் எழுத்து மட்டும்தான் வேறு. ஏ (A) எழுத்துக்கு 1, 2 ஆகிய இரு துளைகள். யூ (U) எழுத்துக்கு 1, 2, 3. வித்தியாசம் மூன்றாவது துளை ஒன்றுதான். நொடிக்கு 50 துடிப்பு என்ற வேகத்தில் ஒரு துளைக்குரிய நேரம் 20 மில்லிவினாடி. அந்த நேரத்தில் கம்பியில் ஒரு சின்னக் குத்து விழுந்தால், சிங்கப்பூரில் மணியனாகக் கிளம்பியவர் பட்டுக்கோட்டை அஞ்சலகத்தில் முனியனாக இறங்குவார். எந்த ஊர் தெருவை எடுத்தாலும் இரண்டு பேரும் இருப்பார்கள் என்பதுதான் சங்கடம். "புறப்பட்டு வா" என்ற தந்தி தப்பான வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தந்தியைக் கண்டாலே வாசலில் ஒப்பாரி எழும் காலத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில வார்த்தையில் ஓர் எழுத்து மாறினால் படிப்பவரே ஊகித்துச் சரிசெய்துகொள்வார். ஆங்கில எழுத்தில் எழுதிய நம் ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் அந்த வசதி கிடையாது. தமிழ் தெரிந்த ஒருவர் டேப் அறையில் இருந்தது இதற்கு உதவியது. எது நடக்கக்கூடிய பெயர், எது நடக்க முடியாத பெயர் என்பது அவருக்குத் தெரியும். மாயவரம் என்ற ஊர் "மயவரன்" என்று வந்தால் அதை அப்படியே தள்ளிவிடாமல் மறுபடி கேட்டு வாங்குவார். ஆனால் முனியன் என்று வந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது சரியான பெயர்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, இதைத் தெரியாமல் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். இந்தத் தப்பு ரேடியோவில்தான் நடந்திருக்கும் என்று நாம் நினைப்போம். காற்று, இடி, மின்னல் எல்லாம் அங்கேதானே. ஆனால் தானாகத் திருத்தும் கருவி பொருத்திய ரேடியோ சர்க்கியூட்டுகளில், அதாவது இரண்டு ஊர்களை இணைக்கும் தொடர்புவழிகளில், ஐந்து துளைக் குறியை ஏழு துடிப்புக் குறியாக மாற்றித்தான் அனுப்பினார்கள். ஒவ்வோர் எழுத்திலும் சரியாக மூன்று துடிப்பு "உண்டு", நான்கு "இல்லை". ஏழில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 35 வழி, 32 எழுத்துக்குப் போதும், மூன்று மிச்சம். வந்து சேர்ந்ததில் "உண்டு" மூன்றாக இல்லாமல் இரண்டாகவோ நான்காகவோ இருந்தால் கருவி அச்சடிக்காது, மறுபடி அனுப்பச் சொல்லும். ஆக, இடி இடித்த ராத்திரியில் தந்தி தாமதமாகுமே தவிர மணியன் மணியனாகவே இருப்பார். முனியன் பிறந்தது பெரும்பாலும் பாதுகாப்பில்லாத உள்ளூர்க் கம்பியில். துளை குத்தும் பஞ்ச் ஊசி மழுங்கினால் நேர்மாறாக நடக்கும். துளை முழுதாக வெட்டுப்படாமல் காகிதத்தில் வடு மட்டும் விழும், முனியன் மணியனாகிவிடுவார்.

முதலில் சொன்ன ஜெட் விவகாரமும் இதே குடும்பம். வந்த துடிப்புகளைத் தாளில் எழுத்தாக அடிக்கும் டெலிபிரிண்டர் ஒவ்வோர் எழுத்தின் தொடக்கத்திலும் புதிதாகக் கிளம்பி, ஐந்து துடிப்பையும் எண்ணிவிட்டு நிற்கும். வாங்கும் இயந்திரத்தின் மோட்டார் கொஞ்சம் மெதுவானால் முதல் துடிப்பில் பிழை தெரியாது. அது எழுத்துக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து ஐந்தாவதில்தான் வெடிக்கும். ஐந்தாவதைப் பார்க்க வேண்டிய நேரத்தில் இயந்திரம் அதற்கடுத்த நிறுத்தத் துடிப்பைப் பார்த்துவிடும். நிறுத்தம் எப்போதும் "உண்டு" பக்கம். எனவே இல்லாத ஐந்தாவது துளை வந்து ஒட்டிக்கொள்ளும். ஈ ஜெட்டாகும், ஏ டபிள்யூ ஆகும், என் எம் ஆகும். ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து ஈ என்பதால் தாள் முழுக்க ஜெட் மயமாகிவிடும். அனுபவசாலி கம்பியைக் குறை சொல்ல மாட்டார். இசைக்கவை ஒன்றை எடுத்துத் தட்டி, அதன் நுனியில் உள்ள சின்னப் பிளவு வழியாக மோட்டாரின் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்ப்பார். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. ஒரு பக்கமாக நகர்ந்தால் வேகம் கூட, மறுபக்கம் நகர்ந்தால் குறைவு. இசைக்காரர்கள் சுதி பார்க்கும் கவையின் இனம்தான். தந்தி அறையில் அது சட்டைப்பையில் கிடந்தது.

அடித்த தப்பைத் திருத்துவது பற்றியும் கேளுங்கள். காகிதத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க முடியாது. ஆனால் ஐந்தும் துளையிட்ட வரிசைக்கு "எழுத்து ஷிப்ட்" என்று பொருள் கொடுத்து வைத்திருந்தார்கள். ஏற்கெனவே எழுத்தில் இருக்கும்போது இன்னொரு முறை எழுத்து ஷிப்ட் வந்தால் ஒன்றுமே நடக்காது. எனவே டேப்பை ஒரு பல் பின்னால் இழுத்து, தப்பின் மேலேயே ஐந்தையும் குத்திவிட்டால் தப்பு காணாமல் போகும். குறியீட்டை வகுத்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சுத்தமாகத் தெரியும் டேப்பில் ஐந்து துளை வரிசைகள் அதிகமாக இருந்தால், அடித்தவர் புதியவர் அல்லது ஷிப்டு முடியும் நேரம்.

டேப் கத்தரித்துக் கொடுக்கும் முறையையும் விட்டுவிடக் கூடாது. ஒரு சர்க்கியூட்டில் வந்த செய்தி டேப்பாக வெளியே வரும். "ஜெட் சி ஜெட் சி" என்று தொடங்கும், நான்கு "என்" வரிசையாக வந்தால் முடிந்தது. கிழித்து, முகவரியைப் படித்து, போக வேண்டிய சர்க்கியூட்டின் ஆணியில் மாட்ட வேண்டும். அங்குள்ளவர் எடுத்து, வரிசை எண் போட்டு, அனுப்பும் கருவியில் கோத்துவிடுவார். வரிசை எண்தான் உயிர். 214க்குப் பிறகு 216 வந்தால், 215 எங்கே என்று உடனே எதிர்முனையைக் கேட்க வேண்டும். விட்டுப்போன ஒன்று குப்பைத்தொட்டியில் கிடக்கலாம், யாருடைய செருப்படியிலும் ஒட்டியிருக்கலாம். ஊசி எளிதாக இறங்கத் தாளில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். துளையிலிருந்து உதிரும் கடுகளவு வட்டங்களும் அதனால் பிசுபிசுப்பாக இருக்கும். தலைமுடி, கால்சட்டை மடிப்பு, சாப்பாட்டுப் பெட்டி என்று எல்லாவற்றிலும் ஏறி வீடு வரை வரும். கூட்டித் தள்ள முடியாது, ஈரத்துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு கடிகாரங்கள்

ரேடியோ அறைக்காரர்களின் நினைவு வேறு மாதிரி. அவர்கள் இரைச்சலை நினைவில் வைத்திருப்பவர்கள். பொழுது சாயும்போது அலைவரிசையைக் கீழே இறக்க வேண்டும், விடிந்தால் மேலே ஏற்ற வேண்டும். பகலில் நன்றாகப் போகும் உயர் அலைவரிசை இரவில் மேல்வளிமண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்ணுக்கே போய்விடும். எந்த நிமிடத்தில் மாற்றுவது என்பதில்தான் திறமை. இரு முனையும் ஒரே நேரத்தில் மாற்றாவிட்டால் ஆளை ஆள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியும் இதில் சேர்த்தி. ஒரே சர்க்கியூட்டைப் பற்றி இரண்டு பேர் முரணாகப் பேசினால் சண்டையை விலக்காதீர்கள். எந்த ஆண்டு என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்.

கப்பல்களோடு பேசிய கரையோர நிலையத்தவர்களுக்குக் கடிகாரம் முக்கியம். முகப்பில் சிவப்புப் பட்டை இரண்டு. ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18 வரை, 45 முதல் 48 வரை. அந்த மும்மூன்று நிமிடங்களில் 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்காவது ஒரு கப்பல் மெல்லிய சத்தத்தில் உதவி கேட்டால் காதில் விழ வேண்டும் என்பதற்காக. 1999 பிப்ரவரி 1 அன்று செயற்கைக்கோள் வழிப் பேரிடர் முறை முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் கப்பல்களில் மோர்ஸ் தந்திக்குறியின் கட்டாயம் முடிந்தது. அந்தப் பட்டை வைத்த கடிகாரங்கள் இன்று பழம்பொருள் கடையில் அலங்காரமாகத் தொங்குகின்றன, அந்தச் சிவப்பு எதற்கென்று விற்பவருக்கும் தெரிவதில்லை.

இயக்க அறைச் சுவர்களில் கிரீன்விச் நேரம்தான் ஆட்சி. இதனால் 1981 டிசம்பர் 31 இரவு ஒரு வேடிக்கை நடந்தது. சிங்கப்பூர் அதுவரை கிரீன்விச்சை விட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. அன்றிரவு 11.30 ஆனதும் நேரே 12 ஆக்கி, எட்டு மணி நேரமாக மாற்றினார்கள். தீவு முழுக்க அரைமணி காணாமல் போனது. இயக்க அறையின் கிரீன்விச் கடிகாரத்தில் முள்ளை யாரும் தொடவில்லை. 1600 என்பது 1600தான். மாறியது ஷிப்டு அட்டவணைதான். புத்தாண்டு வாழ்த்துக்காக மக்கள் வரிசை கட்டும் இரவு, ஒரு ஷிப்டுக்கு வேலை அரைமணி குறைவு. சென்னையோடு இருந்த இரண்டு மணி நேர வித்தியாசம் இரண்டரை ஆனதும் அன்றுதான். 104ஐச் சுழற்றி ஊருக்கு அழைப்புப் பதிவுசெய்தவர்களும், மறுமுனையில் அழைப்பை இணைத்துச் சீட்டில் நேரம் குறித்த பெண்களும் மனக்கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பெண்களை ஒன்றுகூடல் படங்களில் அதிகம் காணோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆள்குறித்த அழைப்பில், கேட்ட ஆளே வந்து பேசத் தொடங்கிய பிறகுதான் நிமிடம் ஓட வேண்டும். மாமா வயலில் இருக்கிறார், கூட்டி வருகிறோம் என்று அந்தப் பக்கம் ஓடும்போது கட்டணம் ஓடாமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

கடலுக்கு அடியில்

கேபிளில் சிங்கப்பூருக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு. 1871இல் இந்தத் தீவை உலகத்தோடு முதலில் நிலையாகக் கட்டியது சென்னையிலிருந்து பினாங்கு வழியாக வந்த தந்திக் கேபிள். அதன் செம்புக்கு மேலே தண்ணீர் புகாமல் போர்த்தியிருந்த கட்டாபெர்ச்சா மரப்பாலும் இந்த வட்டாரத்துக் காடுகளின் சரக்கு, அதன் உலகச் சந்தை சிங்கப்பூர்தான். கட்டாபெர்ச்சாவுக்காக மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள், காடு காலியானதற்கு அதுவே காரணம். ராபின்சன் சாலையில் 1927இல் எழுந்த பழைய தந்தி நிறுவனக் கட்டடம் இப்போது ஓட்டல். வாசலில் நின்று பெரியவர்கள் படம் எடுத்துக்கொள்வதுண்டு.

ஆனால் இன்று நம்மோடு உள்ளவர்களின் நினைவு, கத்தோங்கில் கரையேறிய சீகாம் என்ற கடலடித் தொலைபேசிக் கேபிளின் காலத்திலிருந்து தொடங்கும். 1965இல் சிங்கப்பூரிலிருந்து இன்றைய கோத்தா கினபாலு வரை, 1967இல் ஹாங்காங், குவாம் வழியாக ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் வரை. ஹாங்காங் வரைக்கும் ஒரே நேரத்தில் 80 பேச்சுவழிகள். ஒரு வாட்ஸாப் குழுவில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். 1986இல் பிரான்சின் மார்சேய் வரை போன சீ-மீ-வீ கேபிள் அடுத்த பெரிய பாய்ச்சல்.

இவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி: கேபிள் அறுந்தது எங்கே என்று கரையில் உட்கார்ந்தபடி எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? வழியில் தேயும் சமிக்ஞையைப் பெருக்கி அனுப்பும் கடலடி ரிப்பீட்டர்களுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் போகிறது, மாறாத அளவு மின்னோட்டமாக. ஒரு ரிப்பீட்டருக்கும் அதை அடுத்த கேபிள் துண்டுக்கும் சேர்த்து 70 வோல்ட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுந்த இடத்தில் செம்பு கடல்நீரைத் தொட்டால் மின்னோட்டம் அங்கேயே பூமிக்கு இறங்கிவிடும். அந்த நேரம் மீட்டரில் 840 வோல்ட் என்றால், பன்னிரண்டாவது ரிப்பீட்டரை ஒட்டி. மீதியைத் துல்லியப்படுத்த வேறு அளவைகள் இருக்கின்றன, கடல்நீரைத் தொடும் இடத்தின் மின்தடை மாறிக்கொண்டே இருப்பதால் அது தனிக்கலை. கப்பல் புறப்படும் முன் கொடுக்கும் எண் ஐந்தாறு கிலோமீட்டர் பிசகினாலும் கொக்கி போட்டுக் கடலைத் துழாவும் நாட்கள் கூடும்.

இதைவிட அழகான வித்தை ஒன்று. கேபிள் முழுதாக அறுபடாமல், நங்கூரம் உரசி மேலுறை மட்டும் கிழிந்து செம்பு நீரைத் தொட்டால் என்ன செய்வது? வழக்கமாக ஒரு கரை நேர்மின் அழுத்தம், மறுகரை எதிர்மின் அழுத்தம் கொடுக்கும். நடுக்கடலில் எங்கோ ஒரு புள்ளியில் அழுத்தம் சுழியாக இருக்கும். இரு முனையிலும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து அந்தச் சுழிப் புள்ளியைக் கிழிந்த இடத்துக்கே நகர்த்திவிட்டால், அங்கே கசிய அழுத்தமே இருக்காது. கிழிந்த கேபிள் கிழிந்தபடியே வேலை செய்யும், கப்பல் வரும் வரை. இரண்டு நாட்டு நிலையங்களும் தொலைபேசியில் பேசிக்கொண்டே, ஆளுக்குச் சில வோல்ட்டாக மாற்றிக்கொண்டு போக வேண்டும். அவசரப்பட்டால் மின்னூட்டக் கருவி தானாக அணைந்து, ஓடிக்கொண்டிருந்த பேச்செல்லாம் ஒரே நொடியில் போகும். இந்த வேலையை ஒருமுறை செய்தவர் தேதி, கிழமையோடு சொல்வார். சிங்கப்பூர் நீரிணை ஆழம் குறைந்தது, நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களோ ஏராளம். எனவே இங்கே அந்த வாய்ப்பு அடிக்கடி வந்தது.

செந்தோசாவில் 1971இல் திறந்த செயற்கைக்கோள் நிலையம் பற்றி ஒன்று மட்டும். 30 மீட்டர் அகலக் கிண்ண ஆன்டெனாக்கள், ஒன்று இந்துமாக்கடல் மேலுள்ள செயற்கைக்கோளைப் பார்த்து, ஒன்று பசிபிக் பக்கம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, சூரியன் சரியாகக் கோளின் பின்னால் வந்து நிற்கும். சில நிமிடங்களுக்குக் கோளின் குரல் சூரியனின் இரைச்சலில் மூழ்கிவிடும். நாம் பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் தேதி அவ்வளவாகப் பிசகாது. பசிபிக் கிண்ணத்துக்குக் காலையில், இந்துமாக்கடல் கிண்ணத்துக்குப் பிற்பகலில். பஞ்சாங்கம் போல முன்கூட்டியே கணித்துச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள்.

இலை போடுவதற்கு முன்

ஆகவே, அடுத்த ஒன்றுகூடலை ஏற்பாடு செய்கிறவர்களுக்குச் சில சொற்கள். பதிவு செய்வதானால் சாப்பாட்டுக்கு முன், பதினொரு மணிக்கே செய்துவிடுங்கள். ஒரு மணிக்குத் தெக்கா பக்கத்துக் கடைகளில் எவர்சில்வர் சத்தம்தான் பதிவாகும். கைபேசியை மேசைமேல் நேராக வைக்காதீர்கள், மேசை அதிர்வு முழுக்க உள்ளே போகும். மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டாம். காது மந்தமானவரைச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள், பின்னாலிருந்து வரும் சத்தம் காதுக்கருவியைக் குழப்பும். இரண்டு பேரைச் சேர்த்துக் கேளுங்கள், ஒருவர் மட்டும் என்றால் தன்னைப் பற்றிப் பேசுவார், இரண்டு பேர் என்றால் வேலையைப் பற்றிச் சர்ச்சை செய்வார்கள். மூன்று பேர் என்றால் எழுத்தில் பெயர்க்கும்போது குரல் பிரித்தறிய முடியாது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து பதிவு செய்துவருகிறது, தமிழிலும் செய்கிறது. குடும்பப் பதிவுக்கு அவர்கள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டில் டேப் துண்டு கிடந்தால் புகைப்படங்களோடு வைக்காதீர்கள், அந்த எண்ணெய் படத்தில் இறங்கிக் கறையாகும். மடிக்காமல் தளர்வாகச் சுருட்டுங்கள். செலோடேப் கூடவே கூடாது. படமெடுக்கும்போது கறுப்புத் தாளை அடியில் விரித்தால் துளைகள் தெளிவாகத் தெரியும். இரண்டு துளைப் பக்கத்தை மேலே வைத்த பிறகும் இடமா வலமா என்ற சந்தேகம் மிஞ்சும், ஏனென்றால் டேப்பின் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலவே இருக்கும். வரி மாறும் இடத்தைத் தேடுங்கள். நான்காவது துளை மட்டும் அடுத்தடுத்து இரண்டு முறை, பிறகு இரண்டாவது மட்டும் ஒரு முறை, இதுதான் சரியான போக்கு. இரண்டாவது துளை முதலில் வந்தால் பின்னோக்கிப் படிக்கிறீர்கள். ஃபேக்ஸ் தாள் இருந்தால் இன்றே படமெடுத்துவிடுங்கள், இந்த ஊர் வெக்கையில் அது வெளுத்துக்கொண்டே போகிறது.

கடைசியாகப் பெயர்ச்சீட்டு. சட்டையில் ஒட்டும் சீட்டில் பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை, பாதிப் பேருக்குப் பாதிப் பேரின் முழுப்பெயர் அன்றும் தெரியாது. பெயருக்குக் கீழே, கடைசியாகப் பார்த்த சர்க்கியூட்டையும், பதிவேட்டில் போட்ட இரண்டெழுத்துச் சுருக்கொப்பத்தையும் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். ஒரே நாற்காலியில் பத்து ஆண்டு மாறி மாறி உட்கார்ந்தவர்கள், ஷிப்டு எதிரெதிர் என்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்குள் இருந்தது பதிவேட்டின் ஓரத்தில் அந்த இரண்டு எழுத்து, "215 இன்னும் வரவில்லை, பார்த்துக்கொள்ளவும்" என்ற குறிப்பின் கீழே.